ஆராதனையும் இளையோரின் விசுவாசமும்

ஒரு சேகரத்தின் ஆயர் செய்யும் ஊழியத்தில் எல்லோர் கண்ணிலும் படுவது ஞாயிறு ஆராதனை. அவ்வளவாகக் கண்ணில் படாதது, அந்தச் சபையின் இளையோரை விசுவாசத்தில் வளர்த்தெடுப்பது. தென்னிந்தியத் திருச்சபையின் தமிழ்ச் சபைகளில் இவை பெரும்பாலும் தனித்தனி வேலைகளாகவே நடக்கின்றன. காலை ஆராதனை பெரியவர்களுக்கு, ஓய்வுநாள் பாடசாலை பிள்ளைகளுக்கு, வாலிபர் ஐக்கியக் கூட்டம் இளைஞர்களுக்கு என்று பிரித்தாயிற்று. நேரத்தைப் பங்கிட இது வசதியான ஏற்பாடு. விசுவாசம் வேர்பிடிக்க இது போதாது. ஆராதனை நடத்துவதும் இளையோரை வழிநடத்துவதும் ஒரே ஊழியம் என்பதைத் தமிழ்த் திருச்சபையின் முந்நூறு ஆண்டு அனுபவம் பல இடங்களில் காட்டியிருக்கிறது.

ஆயரைப் போதகர் என்றும் குருவானவர் என்றும் சொல்வதுண்டு. நெல்லைச் சீமையில் ஐயர் என்பார்கள். ஒரு சேகரத்தில் பல ஊர்ச் சபைகள் அடங்கியிருக்கும். ஒரே ஞாயிறு காலையில் எல்லா ஊருக்கும் அவர் போய்விட முடியாது. அவர் போகாத ஊரில் சபை ஊழியரோ உபதேசியாரோ ஆராதனை நடத்துவார். நற்கருணைக்கு ஆயர் முறைவைத்து வருவார். ஆகவே, ஒருவருடைய பேச்சுத் திறமையை மட்டும் நம்பி ஆராதனை நிற்க முடியாது. யார் நடத்தினாலும் சபை தானே எடுத்துச் செல்லக்கூடிய ஓர் ஒழுங்கு அதற்கு வேண்டும்.

அப்படிப்பட்ட ஒழுங்கு தென்னிந்தியத் திருச்சபைக்கு வாய்த்தது. 1947 செப்டம்பர் 27 அன்று சென்னை புனித ஜார்ஜ் பேராலயத்தில் ஆங்கிலிக்கன் மரபினரும், மெதடிஸ்ட் மரபினரும், அதற்கு முன்பே 1908இல் ஒன்றுகூடியிருந்த தென்னிந்திய ஐக்கிய சபையினரும் ஒரே திருச்சபையானார்கள். மூன்று ஆண்டுகளில், 1950இல், புதிய நற்கருணை ஆராதனை முறை வெளிவந்தது. திருமறையை முன்னே ஏந்திவந்து ஆராதனையைத் தொடங்குவதும், குருவானவர் பீடத்துக்குப் பின்னால் சபையை நோக்கி நிற்பதும் இந்த முறையால் பரவின. இன்னொன்று, கேரளத்துச் சிரியன் கிறிஸ்தவர்களிடமிருந்து எடுத்துக்கொண்ட வழக்கம்: சமாதானம் பகிர்தல். பீடத்தில் இருப்பவர் தரும் சமாதானத்தை ஒருவர் அடுத்தவருக்குக் கையோடு கைசேர்த்துக் கொடுக்க, அது கடைசி வரிசை வரை போய்ச் சேருகிறது. தாத்தாவிடமிருந்து பேத்திக்கும், வேலை கொடுப்பவரிடமிருந்து வேலை செய்பவருக்கும், சண்டை போட்டுக்கொண்டிருக்கும் அண்ணனிடமிருந்து தம்பிக்கும் அது போகிறது. ஒரு பிள்ளை பிரசங்கத்தில் கேட்டு மறந்துவிடுவதை இந்த ஒரு செயல் அதன் கையிலேயே கொடுத்துவிடுகிறது.

ஒழுங்கு அச்சில் இருப்பதாலேயே ஆராதனை உயிரோடு நடந்துவிடாது. பாவ அறிக்கைக்கு முன் ஒரு நிமிட மௌனம் என்று இருந்தால் அந்த மௌனம் உண்மையிலேயே இருக்க வேண்டும். பொது ஜெபத்தில் அந்த வாரம் ஊரில் நடந்த சாவும், தேர்வு எழுதும் பிள்ளைகளும், மழையில்லாத கண்மாயும் பேர்சொல்லி இடம்பெற வேண்டும். நடத்துபவர் ஜெபத்தை வாசிக்கிறாரா, ஜெபிக்கிறாரா என்பது சபைக்கு உடனே தெரிந்துவிடும். பதினைந்து வயதுப் பிள்ளைக்கு இன்னும் சீக்கிரம் தெரிந்துவிடும். பெரியவர்கள் பழக்கத்தால் பொறுத்துக்கொள்வதை அந்த வயது பொறுத்துக்கொள்வதில்லை. அறிவிப்புகளும் கணக்குகளும் பிரசங்கத்தைவிட நீளும் சபைகளில் இளையோர் வாசலில் நிற்பதை அவர்களுடைய குற்றமாக மட்டும் சொல்வது நியாயமல்ல.

இளையோருக்கு ஆராதனையில் கொடுக்கக்கூடிய முதல் பொறுப்பு வேதபாட வாசிப்பு. இங்கே இன்றைய ஆயர் சந்திக்கும் சிக்கல் ஒன்று உண்டு. ஆங்கிலவழிப் பள்ளியில் படிக்கும் பல பிள்ளைகளுக்குத் தமிழ் பேச வரும், சரளமாக வாசிக்க வராது. சபைகளில் பெரும்பாலும் புழங்குவதோ, ஹென்றி பவர் தலைமையில் உருவாகி 1871இல் முழுமையாக வெளிவந்த மொழிபெயர்ப்பின் வழிவந்த வேதாகமம். அதன் வடமொழிச் சொற்களும் நீண்ட வாக்கியங்களும் பெரியவர்கள் நெஞ்சில் மனப்பாடமாக இருக்கின்றன. பிள்ளைகளுக்கு வாயில் நுழைவதில்லை. கத்தோலிக்கரும் சீர்திருத்தச் சபையினரும் சேர்ந்து உருவாக்கி 1995இல் வெளியிட்ட திருவிவிலியம் அவர்களுக்கு எளிது. ஒன்றை விட்டு ஒன்றைப் பிடிக்கத் தேவையில்லை. ஆயரோ சபை ஊழியரோ சனிக்கிழமை மாலை அந்தப் பிள்ளையை உட்காரவைத்து, பகுதியின் பொருளைச் சொல்லி, எங்கே நிறுத்துவது, எங்கே குரலை இறக்குவது என்று இரண்டு தடவை வாசிக்கச் செய்தால் போதும். இந்தச் சனிக்கிழமை அரைமணி நேரத்துக்கு ஈடான வேதபாட வகுப்பு வேறில்லை. ஆயத்தமில்லாமல் மேடையேற்றித் தடுமாறவிட்டால், அந்தப் பிள்ளை மறுபடி முன்னே வராது.

இசையில்தான் தலைமுறைகளுக்குள் மோதல் அதிகம். கீர்த்தனையா, பாமாலையா, புதிய துதிப்பாடலா என்ற வாக்குவாதம் சபைக் கமிட்டி வரை போகிறது. புதியதை எதிர்ப்பவர்கள் பழையது என்று எதைக் காக்கிறார்களோ அதுவும் ஒரு காலத்தில் புதிதாக வந்ததே. தரங்கம்பாடி மிஷன் காலத்தில் ஆலயங்களில் முதலில் ஒலித்தவை ஜெர்மன் மெட்டுக்கு எழுதப்பட்ட ஞானப்பாட்டுகள். 1774இல் திருநெல்வேலியில் பிறந்த வேதநாயகம் சாஸ்திரியார் சிறுவனாகவே மிஷனெரி சுவார்ட்ஸ் ஐயரோடு தஞ்சாவூருக்குப் போய் அங்கே படித்தவர். பின்னாளில் தஞ்சை மன்னரான சரபோஜி அவருக்குப் பள்ளித்தோழர். குறவஞ்சி, கும்மி, கீர்த்தனை என்று தமிழ் மண்ணில் ஏற்கெனவே இருந்த வடிவங்களிலெல்லாம் அவர் கிறிஸ்தவப் பாடல்களைப் பாடினார். பெத்லகேம் குறவஞ்சி அவற்றுள் பேர்பெற்றது. அந்தக் கீர்த்தனைகள் உடனே எல்லா ஆலயத்திலும் ஏறிவிடவில்லை. அமெரிக்க மதுரை மிஷனைச் சேர்ந்த எட்வர்ட் வெப் 1853இல் ஒரு தொகுப்பாக அச்சிட்டுச் சபை ஆராதனைக்குக் கொண்டுவந்த பிறகே அவை பரவின. இன்று பாட்டி விடியற்காலையில் பாடும் கீர்த்தனை அப்படி வந்தது.

இருபதாம் நூற்றாண்டின் இறுதியில் இதே கதை இன்னொரு விதமாக நடந்தது. மதுரை அரசரடியில் உள்ள தமிழ்நாடு இறையியல் கல்லூரியில் ஆசிரியராக இருந்த ஆயர் தியோபிலஸ் அப்பாவு, பரட்டை என்ற பேரில் அறியப்பட்டவர், கர்நாடக இசைக் கீர்த்தனை கிராமத்துத் தலித் மக்களின் வாய்க்கும் தாளத்துக்கும் தூரமாக இருப்பதைக் கண்டார். நாட்டுப்புற மெட்டில், பேச்சுத் தமிழில், பறையோடு பாடும்படி வழிபாட்டுப் பாடல்களை ஆக்கினார். சாவு வீட்டுக்குரியது என்று ஒதுக்கப்பட்ட பறை ஆலயத்துக்குள் ஒலிக்கலாமா என்று கேட்டவர்கள் உண்டு. அந்தக் கல்லூரியில் பயின்ற இளம் ஊழியர்கள் அந்தப் பாடல்களைத் தங்கள் சேகரங்களுக்கு எடுத்துப் போனார்கள். 2005இல் அவர் இறந்தார், பாடல்கள் நிற்கின்றன.

இந்த வரலாறு தெரிந்த ஆயர், கீபோர்டும் டிரம்சும் கேட்கும் இளைஞரைக் கண்டு பயப்பட மாட்டார். அதே வேளையில், கேட்டதையெல்லாம் கொடுத்துவிடவும் மாட்டார். அவர் கேட்க வேண்டியவை சில உண்டு. சபை பாடுகிறதா, அல்லது மேடை பாடிச் சபை பார்த்துக்கொண்டிருக்கிறதா? பாட்டின் சொற்களில் விசுவாசத்தின் பொருள் இருக்கிறதா, உணர்ச்சி மட்டும் இருக்கிறதா? ஒலிபெருக்கியின் சத்தத்தில் முதியவர்களின் குரல் அமுங்கிப்போகிறதா? பாடகர் குழுவில் பதினாறு வயதுப் பையனும் அறுபது வயது அண்ணாச்சியும் பக்கத்தில் பக்கத்தில் நிற்கும் சபையில் இந்தக் கேள்விகளுக்குப் பெரும்பாலும் சண்டையில்லாமல் பதில் கிடைக்கிறது. பையன் கீர்த்தனை கற்றுக்கொள்கிறான். அண்ணாச்சி புதுப் பாட்டு கற்றுக்கொள்கிறார்.

ஆயர் இளையோரோடு நேருக்கு நேர் உட்காரும் காலம் திடப்படுத்தல் வகுப்பு. குழந்தையாக ஞானஸ்நானம் பெற்றவர்கள் பதின்பருவத்தில் தாங்களே விசுவாசத்தை அறிக்கையிட, பேராயர் தலைமேல் கைவைத்து ஜெபிக்கும் சடங்கு இது. அதற்குப் பிறகு நற்கருணையில் பங்குபெறுவது பொதுவான வழக்கம். திடப்படுத்தலுக்கு ஆயத்தமாகச் சில வாரங்கள் வகுப்பு நடக்கும். கேள்வியும் பதிலுமாகக் கற்பிக்கும் ஞானோபதேசம் சீர்திருத்தச் சபை மரபில் தமிழுக்கு வந்தது தரங்கம்பாடியில். 1706இல் அங்கே வந்திறங்கிய மிஷனெரி சீகன்பால்கு, திண்ணைப் பள்ளிச் சிறுவர்களோடு உட்கார்ந்து மணலில் எழுதித் தமிழ் படித்தார். பிறகு லூத்தரின் சிறிய ஞானோபதேசத்தை அந்தத் தமிழிலேயே கொடுத்தார். கற்பிக்க வந்தவர் முதலில் பிள்ளைகளோடு மாணவராக உட்கார்ந்தது, இந்த ஊழியத்துக்கு வருகிற ஒவ்வொருவரும் நினைவில் வைக்கத்தக்கது.

பத்துக் கற்பனை, விசுவாசப் பிரமாணம், பரமண்டல ஜெபம் இவற்றை மனப்பாடமாக ஒப்பிப்பதோடு வகுப்பு முடிந்துவிட்டால் பாதி வேலைதான் நடந்திருக்கிறது. பிள்ளைகளின் சொந்தக் கேள்விகள் வேறு. அறிவியல் பாடம் சொல்வதும் ஆதியாகமம் சொல்வதும் எப்படிப் பொருந்தும், ஜெபித்தும் அம்மா ஏன் இறந்தாள், நல்லவனான இந்து நண்பனைப் பற்றிக் கடவுள் என்ன நினைக்கிறார் என்று அவர்கள் கேட்கிறார்கள். சபையில் ஏன் சாதி இருக்கிறது என்றும் கேட்கிறார்கள். இந்தக் கடைசிக் கேள்வியை ஆயர் எதைச் சொல்லியும் மழுப்பக் கூடாது. 1833இல் கல்கத்தாப் பேராயர் டேனியல் வில்சன், சபைகளில் சாதி வேறுபாட்டை அடியோடு விட வேண்டும் என்று சுற்றறிக்கை அனுப்பினார். சபைக்குள் சாதி வழக்கங்களைக் கைவிடச் சொன்னதை எதிர்த்தவர்களுள், மேலே சொன்ன கீர்த்தனைகளைத் தந்த வேதநாயகம் சாஸ்திரியாரும் இருந்தார். இதை இளையோரிடம் சொல்லத்தான் வேண்டும். அவருடைய பாட்டைப் பாடலாம், அவருடைய அந்த நிலையைத் தள்ளலாம் என்று பிரித்தறியக் கற்பிப்பதும் விசுவாசப் பயிற்சியே. தெரியாத கேள்விக்குத் தெரியவில்லை என்று சொல்லி, படித்துவிட்டு அடுத்த வாரம் பேசுகிற ஆயரைப் பிள்ளைகள் நம்புவார்கள். கேள்வி கேட்டதற்காக ஒரு முறை அதட்டினால், அடுத்த கேள்வி ஆயரிடம் வராது.

பொறுப்பு கொடுத்தால் இளையோர் எவ்வளவு தூரம் போவார்கள் என்பதற்குச் சான்று வேதநாயகம் சாமுவேல் அசரியா. 1874இல் வெள்ளாளன்விளையில் ஓர் ஆயரின் மகனாகப் பிறந்தவர். இருபத்தொரு வயதில் ஒய்.எம்.சி.ஏ. ஊழியத்தில் சேர்ந்தார். 1902இல் யாழ்ப்பாணம் போனபோது, அங்கிருந்த தமிழ்ச் சபையார் தங்கள் சொந்தப் பணத்தில் மிஷனெரிகளை அனுப்புவதைப் பார்த்தார். அடுத்த ஆண்டே, இருபத்தெட்டு வயதில், நண்பர்களோடு சேர்ந்து நெல்லையில் இந்திய மிஷனெரி சங்கத்தைத் தொடங்கினார். தெலுங்கு நாட்டில் உள்ள தோர்ணக்கல்லுக்கு அந்தச் சங்கம் ஊழியர்களை அனுப்பியது; பின்னர் அவரே அங்கே போனார். 1912இல் ஆங்கிலிக்கன் திருச்சபையின் முதல் இந்தியப் பேராயரானார். தோர்ணக்கல்லில் ஞானஸ்நானம் பெற்றவர்கள் தங்கள் தலையில் கைவைத்து, சுவிசேஷத்தைப் பிறருக்குச் சொல்வதாக ஆராதனையிலேயே உறுதிகூறும்படி செய்தார். ஒருவர் விசுவாசிக்க ஆரம்பித்த அன்றே அவருக்கு ஒரு வேலை கொடுத்துவிடுவது அசரியாவின் முறை. அந்த மக்களின் இசையையும் ஆட்டத்தையும் அவர் வழிபாட்டோடு சேர்த்தார். 1939இல் பிரதிஷ்டையான தோர்ணக்கல் பேராலயத்தின் கட்டடத்திலேயே கோயில், மசூதி, தேவாலயம் மூன்றின் அமைப்பும் தெரியும்.

பெண்பிள்ளைகளுக்கும் இந்தப் பொறுப்பு முழுமையாகச் சேர வேண்டும். தென்னிந்தியத் திருச்சபை 1976இல் முதல் பெண் ஆயருக்குக் குருப்பட்டம் அளித்தது. ஆனாலும் பல ஊர்களில் பெண்பிள்ளைகளுக்குப் பாட்டும் பூ அலங்காரமும் வருகின்றன. வேதபாடமும் பொது ஜெபமும் எளிதில் வருவதில்லை. இதை மாற்ற எந்தத் தீர்மானமும் தேவையில்லை. ஆயர் அந்த வாரப் பட்டியலை எழுதும்போதே மாற்றிவிடலாம்.

பன்னிரண்டாம் வகுப்பு முடிந்ததும் பிள்ளைகள் ஊரைவிட்டுப் போகிறார்கள். சென்னை, கோவை, பெங்களூர், வளைகுடா நாடுகள் என்று கல்லூரியும் வேலையும் அவர்களை இழுத்துக்கொண்டு போகின்றன. வாசிக்கவும் பாடவும் கேள்வி கேட்கவும் பழகிய பிள்ளை புது ஊரில் ஒரு சபையைத் தானே தேடிப் போகும். அப்படிப் பழகாத பிள்ளை முதல் மாதத்திலேயே ஞாயிறு காலையில் தூங்கப் பழகிவிடும். அந்தப் புது ஊர்ச் சபை ஆயருக்குச் சொந்த ஊர் ஆயர் எழுதும் ஒரு கடிதமோ, செய்யும் ஒரு போன் அழைப்போ இங்கே பெரிய உதவி. பிள்ளை எந்த ஊருக்குப் போகிறது, எந்த விடுதியில் தங்குகிறது என்பது ஆயருக்குத் தெரிந்தால்தான் அவர் எழுத முடியும். ஆகவே பெற்றோர், பிள்ளை புறப்படும் வாரத்திலேயே அந்த விலாசத்தைத் தங்கள் ஆயரிடம் கொடுத்துவிட வேண்டும்.