பெயர் எழுதப்படாதவர்கள்

(நவம்பர் மாத நினைவு ஞாயிறன்று மண்ணூர்பேட்டையில் மருத்துவமனைச் சிற்றாலய ஆயர் ஆற்றிய உரை)



சென்ற வாரம் நாங்கள் நால்வர் இங்கிருந்து போரூர் வழியாக நந்தம்பாக்கம் போய்வந்தோம். மவுண்ட்-பூந்தமல்லி சாலையில் உள்ள போர்க் கல்லறைத் தோட்டத்தை உங்களில் பலர் பேருந்திலிருந்து பார்த்திருப்பீர்கள். இரண்டாம் உலகப் போரில் மரித்த 856 பேர் அங்கே அடக்கம் செய்யப்பட்டிருக்கிறார்கள். பல ஊர்க் கல்லறைகளில் சிதறியிருந்தவர்களை 1952-இல் ஒரே இடத்தில் சேர்த்தார்கள். அதிகாரிக்கும் சிப்பாய்க்கும் ஒரே அளவுக் கல். பெயர், படைப்பிரிவு, வயது, மரித்த தேதி எல்லாம் அதில் உண்டு. புல்லைக்கூட அவ்வளவு அழகாக வெட்டிவைத்திருக்கிறார்கள்.

எங்களோடு வந்த நர்ஸ் சகோதரி, "இந்தச் சண்டையில நம்ம கூலி ஜனங்களும் செத்திருப்பாங்களே ஐயா, அவங்களை எங்கே வச்சிருக்காங்க?" என்று கேட்டார். அதற்குப் பதில் சொல்ல எங்களுக்கு ஒரு தாயாரின் ஞாபகம் வந்தது.

சில ஆண்டுகளுக்கு முன் பெண்கள் வார்டில் இருந்தவர் அவர். மலாயாவில், பேராக்கில் ஒரு ரப்பர்த் தோட்டத்தில் பிறந்தவர். தகப்பனார் பால்மரம் வெட்டுகிறவர். ஜப்பானியர் ஆட்சியில், 1943-இல், சயாமில் ரயில் பாதை போட ஆள் எடுத்தார்கள். மூன்று மாத வேலை, நாளுக்கு ஒரு வெள்ளி சம்பளம் என்று சொன்னார்கள். போதிய ஆள் வராதபோது பலரைப் பிடித்தே கொண்டுபோனார்கள். தகப்பனார் சரக்கு வண்டியில் ஏறிப் போனார். அவ்வளவுதான்.

சயாமையும் பர்மாவையும் இணைத்த அந்தப் பாதையின் நீளம் 415 கிலோமீட்டர். 1942-இல் தொடங்கி 1943 அக்டோபரில் முடித்தார்கள். அறுபதாயிரத்துக்கும் அதிகமான நேசநாட்டுப் போர்க் கைதிகள் அதில் வேலை செய்தார்கள். பன்னிரண்டாயிரத்துக்கு மேற்பட்டோர் மரித்தார்கள். தமிழர், மலாய்க்காரர், பர்மியர், ஜாவா தேசத்தார் என்று ஆசியத் தொழிலாளர் சுமார் இரண்டு லட்சம் பேர். அவர்களில் ஏறக்குறைய 90,000 பேர் மடிந்தார்கள் என்பது ஒரு கணக்கு.

மருத்துவமனையைத் தாங்குகிற உங்களுக்கு ஒன்றைச் சொல்லவேண்டும். மழைக்காலத்தில் காலரா வந்தது. கைதிகளிடம் மருந்து இல்லை. ஆனால் அவர்களுள் டாக்டர்கள் இருந்தார்கள். காய்ச்சி வடித்த நீரில் உப்புக் கலந்து, மூங்கில் குழாய் வைத்து நரம்பில் ஏற்றினார்கள். இறந்தவர் பெயரையும் ஒளித்து எழுதிவைத்தார்கள். போர் முடிந்ததும் கல்லறைகளைத் தேடிக் கண்டுபிடிக்க அந்தக் குறிப்புகள் உதவின. நம் தோட்டத் தொழிலாளர் முகாம்களில் பெரும்பாலும் டாக்டரும் இல்லை, பெயர் எழுதுவாரும் இல்லை. பிணங்களைக் குவித்துப் புதைத்தார்கள், எரித்தார்கள். காஞ்சனபுரியில் கைதிகளுக்குத் தனித்தனிக் கல் நிற்கிறது. அதே ஊரில் நம்மவருக்கு 2023-இல்தான் தமிழ்நாட்டு அரசின் உதவியோடு ஒரு நடுகல் வைத்தார்கள். எண்பது வருஷம் ஆயிற்று!

பெரிய போர்க் கல்லறைத் தோட்டங்களில் உள்ள நினைவுக் கல்லில், மரித்தவர்களின் பெயர் என்றென்றும் நிலைக்கும் என்ற கருத்துள்ள வசனம் இருக்கும். அதைத் தெரிந்தெடுத்தவர் கிப்ளிங். 1915-இல் ஒரே மகனைப் போரில் இழந்து, சாகும்வரை அவன் உடலைக் காணாதவர். தள்ளுபடியாகமமாகிய சீராக்கின் 44-ஆம் அதிகாரத்தில் அந்த வசனம் வருகிறது. அதற்குச் சற்று முன்னே, நினைவுச் சின்னம் ஏதுமின்றிப் பிறவாதவரைப்போல் மறைந்தவரைப் பற்றியும் எழுதியிருக்கிறது. அதைக் கல்லில் வெட்டி நாங்கள் பார்த்ததில்லை.

அந்தத் தாயாரும் அவர் அம்மாவும் போருக்குப் பின் ரஜூலா கப்பலில் சென்னை வந்தார்கள். அம்மா சாகும்வரை தாலியைக் கழற்றவில்லை. 'செத்தார்னு யார் வந்து சொன்னா?' என்பாராம். உறவினர் சிலர் நல்ல காரியங்களுக்கு அவரை அழைக்கத் தயங்கினார்கள். சிலர் அழைத்துவிட்டு முன்னே நிற்கவிடவில்லை. சுமங்கலியா விதவையா என்று ஊருக்கும் தெரியவில்லை.

"அப்பா செத்த நாள் தெரியாதுங்க ஐயா. எந்த நாள்ல விளக்கு ஏத்துறது?" என்று மகள் எங்களிடம் கேட்டார். அவர் இந்து, நம்மிடம் ஆறுதலுக்காகக் கேட்டார். எங்களுக்குப் பதில் தெரியவில்லை. தகப்பனார் பெயரைக் கேட்டு, சிற்றாலயத்தின் ஜெபப் புத்தகத்தில் எழுதினோம். தேதிக்குரிய கட்டத்தைக் காலியாக விட்டிருக்கிறோம். மகளும் இப்போது இல்லை.

இன்றைய ஜெபத்தில் அந்தப் பெயரை வாசிப்போம். எல்லாரும் எழுந்து நிற்போமாக.