மலை மதிப்பெண் போடுவதில்லை



இந்தப் பட்டமளிப்பு விழா அழைப்பிதழில் என் பெயருக்குக் கீழே ‘சாகச விளையாட்டு வல்லுநர், கனடா’ என்று அச்சாகியிருக்கிறது. அச்சிட்டவரைக் குறை சொல்ல மாட்டேன். என் அம்மாவே சொந்தக்காரர்களிடம் “பையன் கனடாவில் வேலையாக இருக்கிறான்” என்று சொல்லிவிட்டு, காபி சாப்பிடுகிறீர்களா என்று பேச்சை மாற்றிவிடுவார். விஷயம் இதுதான். குளிர்காலத்தில் பிரிட்டிஷ் கொலம்பியா மாகாணத்தின் செல்கிர்க் மலைகளில் ஆட்களை அழைத்துக்கொண்டு மேலே ஏறுவேன். அவர்களோடு ஸ்னோபோர்டில் கீழே இறங்குவேன். பொழுது சாய்வதற்குள் ஒருவர் குறையாமல் விடுதியில் கொண்டுவந்து சேர்ப்பேன். மலை வழிகாட்டி என்பது இதுதான்.

இந்த ஸ்னோபோர்டுக்கு ஒரு வேடிக்கையான கதை உண்டு. 1965ஆம் ஆண்டு கிறிஸ்துமஸ் நாளில் அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலத்தில் ஷெர்மன் பாப்பன் என்பவர், மகள்கள் விளையாடுவதற்காக இரண்டு பனிச்சறுக்குக் கட்டைகளைச் சேர்த்து ஒன்றாகக் கட்டினார். அதிலிருந்து வளர்ந்த விளையாட்டு 1998இல் நகானோ ஒலிம்பிக் வரை போனது. ஆனால் ஒற்றைப் பலகையில் இரண்டு காலையும் பூட்டிக்கொண்டவன் மேட்டில் ஏற முடியாது. அதனால் 1990களில் அமெரிக்காவின் யூட்டாவில் அதே பலகையை நீளவாக்கில் இரண்டாக அறுத்தார்கள். ஸ்ப்ளிட்போர்டு என்று பெயர். ஏறும்போது இரண்டு கட்டை, இறங்கும்போது ஒரே பலகை. அடியில் ஒட்டும் ‘ஸ்கின்’ பட்டை முன்னோக்கி வழுக்கும், பின்னோக்கி நழுவாமல் பிடித்துக்கொள்ளும். பாப்பன் ஒன்றாக்கியதைப் பிரித்த பிறகுதான் எங்களுக்குப் பிழைப்பு வந்தது.

நாங்கள் போகும் இடத்தை ‘பேக்கன்ட்ரி’ என்பார்கள். இழுவை நாற்காலி கிடையாது, செப்பனிட்ட சரிவு கிடையாது, சீட்டி ஊதும் காவலர் கிடையாது. மூன்று நான்கு மணி நேரம் ஏறினால் சில நிமிடம் இறங்கலாம். கணக்கு போட்டுப் பார்ப்பவர் இந்தத் தொழிலுக்கு வரமாட்டார். சம்பளமும் பருவத்துக்குத்தான். கோடையில் வேறு வேலை பார்க்க வேண்டும். முழங்கால் தேய்வது தனிக் கணக்கு.

ஆபத்தைப் பற்றிச் சொல்ல வேண்டும். இறங்குவதற்குச் சுகமான சரிவு எது? 30 டிகிரிக்கு மேல் சாய்ந்தது. பனிச்சரிவு பெரும்பாலும் எங்கே உண்டாகும்? 30க்கும் 45க்கும் இடையே. இரண்டும் ஒரே இடம்தான். ஒவ்வொரு முறை பனி பொழியும்போதும் மலைமேல் ஓர் அடுக்கு சேர்கிறது. நவம்பரில் மழை பெய்து உறைந்து ஒரு வழவழப்பான படலம் உண்டாகலாம். அதையொட்டி, சர்க்கரை போல ஒன்றோடொன்று ஒட்டாத பனிமணிகள் விளையலாம். அதன்மேல் மாதக்கணக்கில் கனமான பனி படிந்து மூடிவிடும். பார்வைக்கு மாசு மருவற்ற வெள்ளை. அடியில் இருக்கும் அந்தப் பலவீனமான அடுக்கு ஒரு மனிதனின் எடையில் உடைந்தால் சரிவு முழுவதும் பெயர்ந்து வரும். ஆளைக் கொன்ற பனிச்சரிவுகளில் மிகப் பெரும்பாலானவற்றைத் தூண்டிவிட்டவர் மாட்டிக்கொண்டவரே, அல்லது அவரோடு வந்தவர். புதைந்தவரை முதல் பத்து நிமிடத்துக்குள் தோண்டி எடுத்தால் நல்ல நம்பிக்கை உண்டு. அரை மணி கடந்தால் பெரும்பாலானோர் பிழைப்பதில்லை. ஹெலிகாப்டர் வரும்வரை காத்திருக்க நேரமில்லை. அதனால் எங்கள் ஒவ்வொருவர் உடம்பிலும் சமிக்ஞை அனுப்பும் டிரான்சீவர் இருக்கும், பையில் மடக்குக் கம்பியும் மண்வாரியும் இருக்கும். பக்கத்தில் வருகிறவர்தான் காப்பாற்ற வேண்டும்.

இதெல்லாம் எங்கோ வெள்ளைக்காரன் ஊர்க் கதை என்று நினைக்க வேண்டாம். 2016 பிப்ரவரி 3 அன்று சியாச்சினில் சோனம் காவல் முகாம் மீது பனிப்பாறை சரிந்தபோது புதைந்த பத்து வீரர்களும் மெட்ராஸ் ரெஜிமென்டின் 19ஆவது பட்டாலியனில் பணியாற்றியவர்கள். வேலூர், தேனி, மதுரை, கிருஷ்ணகிரி மாவட்டத்துக்காரர்கள் நால்வர் அதில் இருந்தார்கள். பனிச்சரிவு தெரிந்த வீடுகள் நம் தமிழ்நாட்டிலும் இருக்கின்றன.

நான் உங்களிடம் சொல்ல வந்தது ஒரே ஒரு விஷயம். பதினாறு பதினேழு ஆண்டுகளாக நீங்கள் படித்த இடங்களில் தவறு செய்தால் தெரிந்துவிடும். விடைத்தாள் சிவப்பு மையோடு திரும்பி வரும். அரியர் வைத்தவர்கள் இந்த அரங்கில் இருப்பீர்கள், சிரிப்புச் சத்தம் கேட்கிறது. அரியர் என்பது நாணயமான செய்தி. இந்தப் பாடம் உனக்கு வரவில்லை, திரும்பப் படி என்று முகத்துக்கு நேரே சொல்கிறது. மலை அப்படிச் சொல்வதில்லை. நேற்று நான் ஒரு செங்குத்தான சரிவில் இறங்கினேன், ஒன்றும் ஆகவில்லை என்று வையுங்கள். நான் சரியாகக் கணித்தேனா, அல்லது உடையும் புள்ளிக்கு இரண்டடி தள்ளிப் போனேனா? எனக்குத் தெரியாது. இரண்டுக்கும் மலை ஒரே பதிலைத்தான் தருகிறது: அருமையான இறக்கம், கீழே நண்பர்களின் கைதட்டல். தவறான முடிவுக்கு இருபது முறை பரிசு கொடுத்துவிட்டு இருபத்தோராவது முறை ஆளையே எடுத்துக்கொள்ளும்.

இயன் மக்கமன் என்ற அமெரிக்க ஆய்வாளர் 700க்கும் மேற்பட்ட பனிச்சரிவு விபத்துகளைப் புரட்டிப் பார்த்தார். பனியைப் பற்றிப் படித்தவர்களும் ஏன் மாட்டினார்கள் என்பது அவர் கேள்வி. பழகிய இடம், எப்படியும் போய்ச் சேர வேண்டும் என்ற பிடிவாதம், கூட வருபவர் கெட்டிக்காரர் என்ற நம்பிக்கை, மற்றவர் முந்திவிடுவாரோ என்ற அவசரம். அவர் பட்டியலில் இருந்தவை இவை. பனியைப் பற்றிய அறியாமையைவிட மனிதர்களின் பழக்கங்கள்தான் அதிகம் பேசப்பட்டன. வழிகாட்டி உலகம் அதைப் படித்துவிட்டுக் கொஞ்ச நாள் பேசாமல் இருந்திருக்க வேண்டும். நாங்கள் பேசாமல் இருக்கிற ஜாதி இல்லை, காரசாரமாக விவாதித்தோம்.

சரி, பதில் சொல்லாத வாத்தியாரிடம் எப்படிப் பாடம் கற்பது? கனடாவின் பனிமலை நிறுவனங்களில் ஒரு வழக்கம் உண்டு. விடிவதற்கு முன்பே வழிகாட்டிகள் எல்லோரும் மேசையைச் சுற்றி உட்காருவோம். அந்தப் பகுதியின் சரிவுகள் அத்தனைக்கும் ஒரு பட்டியல் இருக்கும். ஒவ்வொன்றாகப் படித்து, இன்று இது திறப்பு, இது மூடல் என்று முடிவு செய்வோம். இருபது வருட அனுபவசாலி போகலாம் என்றாலும், போன மாதம் சேர்ந்த பெண் வேண்டாம் என்றால் அது மூடல்தான். காலையில் மூடியதை மலைமேல் நின்றுகொண்டு யாரும் திறக்கக் கூடாது. கூடுதலாக மூடிக்கொள்ளலாம்.

ஏன் காலையிலேயே? மேலே போய்விட்டால் வெயில் அடிக்கும், புதுப் பனி மின்னும். ஒரு வருடம் பணம் சேர்த்து ஜெர்மனியிலிருந்து வந்தவர் பக்கத்தில் நின்று, “நேற்று இதைவிடச் செங்குத்தில் இறங்கினோமே” என்பார். அந்த நேரத்தில் என் புத்தியை நானே நம்ப மாட்டேன். ஆசை விழித்துக்கொள்வதற்கு முன்னால் எடுத்த முடிவைப் பிடித்துக்கொண்டு, “மன்னிக்கவும், அது இன்று மூடல்” என்று சொல்வதுதான் இந்த வேலையில் கடினமான பகுதி. பலகையில் வளைந்து நெளிந்து இறங்குவதை உங்களில் யாருக்கும் இரண்டு குளிர்காலத்தில் சொல்லிக்கொடுத்துவிடுவேன்.

மாலையில் இன்னொரு வேலை. அன்று பார்த்த பனிச்சரிவு, காலடியில் கேட்ட விரிசல் சத்தம், குழி தோண்டி முப்பது தட்டு தட்டிப் பார்த்த சோதனையில் எந்தத் தட்டில் அடுக்கு உடைந்தது என்பதெல்லாம் பதிவாகும். கனடியப் பனிச்சரிவுச் சங்கம் 1991 முதல் நடத்திவரும் தகவல் பரிமாற்றத்தில், ஒரே வாடிக்கையாளருக்காக அடித்துக்கொள்ளும் நிறுவனங்கள்கூட தங்கள் பதிவுகளைப் போட்டிக்காரர்களுக்குத் தருகின்றன. மலை சொல்லாததை ஒருவருக்கொருவர் சொல்லிக்கொள்கிறார்கள். தொழில் ரகசியம் என்ற பெயரில் தோல்வியை மூடி வைக்கும் துறைகள் நமக்குத் தெரியும். அவற்றை நான் இங்கே பட்டியலிடப் போவதில்லை.

கிரெய்க் கெல்லியைப் பற்றிச் சொல்லாமல் முடிக்க முடியாது. வாஷிங்டன் மாநிலத்துக்காரர், உங்களில் சிலரைப் போல வேதிப் பொறியியல் படித்தவர். ஸ்னோபோர்டில் நான்கு முறை உலக சாம்பியன். புகழின் உச்சியில் இருந்தபோதே போட்டிகளை விட்டுவிட்டு, சறுக்குவதற்காக மட்டுமே மலைக்குப் போனார். பிறகு முப்பது வயதைக் கடந்து, கனடாவில் வழிகாட்டிப் பயிற்சிக்கு மாணவராகச் சேர்ந்தார். அதுவரை பனிச்சறுக்குக் கட்டைக்காரர்களுக்கே உரிய பயிற்சி அது. ஸ்ப்ளிட்போர்டோடு உள்ளே நுழைந்த முதல் ஆள் அவர். எந்தச் சரிவிலும் யாரும் அவருக்குச் சறுக்கக் கற்றுத்தர வேண்டியதில்லை. ஆனாலும் கயிறு கட்டவும் பனிக்குழி தோண்டவும் மற்றவர்களைப் பத்திரமாக நடத்திச் செல்லவும் கடைசி வரிசையில் உட்கார்ந்து படித்தார். 2003 ஜனவரி 20 அன்று செல்கிர்க் மலைகளில் ரெவெல்ஸ்டோக் அருகே ஒரு சரிவில் ஏறிக்கொண்டிருந்தபோது பனிச்சரிவு வந்தது. ஏழு பேர் இறந்தார்கள். அவர்களில் ஒருவர் கெல்லி. வயது 36.

பன்னிரண்டு நாள் கழித்து, அதே மலைத்தொடரில் ரோஜர்ஸ் கணவாய்ப் பக்கம் பள்ளி மாணவர்கள் ஏழு பேர் புதைந்து இறந்தார்கள். அந்தக் குளிர்காலத்தில் கனடாவில் பனிச்சரிவில் இறந்தவர்கள் 29 பேர். நாடு விழித்துக்கொண்டது. 2004இல் பொதுமக்களுக்கென்று கனடியப் பனிச்சரிவு மையம் தொடங்கப்பட்டது. இன்று என்னைப் போன்றவர்கள் காலையில் படிக்கும் எச்சரிக்கை அறிக்கைக்குப் பின்னால் அந்த வருடத்து மரணங்கள் இருக்கின்றன. கெல்லி கவனக்குறைவால் இறந்தார் என்று சொல்ல எனக்குத் தகுதியில்லை, அது உண்மையும் அல்ல. உலகமே அவரைத் தேர்ந்தவர் என்று சொன்ன பிறகும் தனக்குத் தெரியாததைத் தேடிப் போய்ப் படித்தார் என்பதற்காகவே அவரை நான் மதிக்கிறேன்.

நாளை நீங்கள் போகும் அலுவலகங்களும் பாலம் கட்டும் இடங்களும் ஆய்வகங்களும் மலையைப் போலத்தான். பரிசோதிக்காமல் அனுப்பிய மென்பொருள் ஒரு வருடம் ஓடும். கம்பி குறைத்துப் போட்ட கூரை சில மழைக்காலம் தாங்கும். யாரும் சிவப்பு மையால் சுழிக்க மாட்டார்கள், பதவி உயர்வுகூடக் கிடைக்கலாம். ஆகையால் வேலை முடிந்த அன்றைக்கே உட்கார்ந்து, இது என் திறமையால் நின்றதா, தற்செயலாக நின்றதா என்று எழுதி வையுங்கள். கூட்டத்தில் எல்லோரும் தலையாட்டும்போது உங்களுக்குச் சரியாகப் படவில்லை என்றால், சேர்ந்து ஒரு மாதம்தானே ஆகிறது என்று தயங்காமல் சொல்லிவிடுங்கள். மேடையில் இருக்கும் பெரியவர்களிடமும் ஒரு வேண்டுகோள்: அப்படிச் சொல்லும் இளைஞர்களுக்கு உங்கள் மேசையில் ஓர் இடம் போட்டுவையுங்கள்.

பெற்றோர்களே, உங்கள் பிள்ளை என்றாவது பாதி வழியில் திரும்பி வரலாம். வேலையை விட்டுவிட்டோ, ஒரு திட்டத்தைக் கைவிட்டோ வரலாம். ஏன் முடிக்கவில்லை என்று வாசலிலேயே நிறுத்திக் கேட்காதீர்கள். முதலில் சாப்பாடு போடுங்கள்.