தகவலுக்குக் கட்டணம் எவ்வளவு?
(செஞ்சியில் நடைபெற்ற உழவர் கூட்டத்தில் ஆற்றிய உரை)



நெல்லுக்கு அடியுரம், மணிலாவுக்கு ஜிப்சம் என்று பேசுவதே இத்தகைய கூட்டங்களின் வழக்கம். இன்று வேறு பொருள் பற்றிப் பேச வந்திருக்கிறேன். அரசு அலுவலகத்தில் உள்ள ஒரு தகவலைக் கேட்டுப் பெற நாம் எவ்வளவு பணம் கட்ட வேண்டும், எப்போது கட்ட வேண்டியதில்லை என்பதே அது. பத்து ரூபாய்க்கு ஒரு பேச்சா என்று சிலர் நினைக்கலாம். பத்து ரூபாயோடு முடிந்துவிட்டால் பேச்சுத் தேவையில்லைதான்.

தகவல் அறியும் உரிமைச் சட்டம் 2005-ஆம் ஆண்டு அக்டோபர் 12 முதல் நடைமுறையில் இருக்கிறது. நம் மாநிலத்தில் 1997-லேயே இப்படியொரு சட்டம் வந்தது. ஆனால் விதிவிலக்குகள் மலிந்திருந்ததால் அதனால் உழவருக்குப் பெரிய பயன் விளையவில்லை. 2005-ஆம் ஆண்டுச் சட்டப்படி கட்டணத்தை அந்தந்த அரசே விதிகளில் நிர்ணயிக்கலாம். தமிழ்நாட்டில் முதலில் விண்ணப்பத்துக்கு 50 ரூபாய் என்று வைத்தார்கள். அது அதிகம் என்ற குறை எழுந்து, 2006-ல் 10 ரூபாயாகக் குறைத்தார்கள். இதைப் பணமாகக் கட்டலாம், வரைவோலையாகவும் தரலாம். எல்லாவற்றிலும் எளிது, 10 ரூபாய் நீதிமன்றக் கட்டண வில்லையை வெள்ளைத்தாள் மனுவில் ஒட்டி அனுப்புவது. மத்திய அரசு அலுவலகமாக இருந்தால் வில்லை ஒட்ட வேண்டாம். அஞ்சலகத்தில் 10 ரூபாய்க்கு அஞ்சல் ஆணை வாங்கி இணையுங்கள். எதற்காகக் கேட்கிறீர்கள் என்று அலுவலர் காரணம் கேட்கக் கூடாது. நீங்களும் எழுத வேண்டியதில்லை.

இனி, பணம் கூடும் இடத்துக்கு வருவோம். நகலுக்குப் பக்கத்துக்கு 2 ரூபாய். "கடந்த பத்தாண்டுகளில் எங்கள் வட்டத்தில் வழங்கிய மானியங்களின் எல்லா ஆவணங்களும் வேண்டும்" என்று எழுதினால், 400 பக்கம், 800 ரூபாய் கட்டுங்கள் என்று கடிதம் வரும். அப்படி வருவது சட்டப்படி சரியே. பணம் எப்படிக் கணக்கிடப்பட்டது என்பதையும் அக்கடிதத்தில் காட்ட வேண்டும். அக்கடிதம் புறப்பட்ட நாளிலிருந்து நீங்கள் பணம் கட்டும் நாள்வரை, 30 நாள் கெடுவில் சேராது. ஆகவே பணத்துக்கு அலைகிற நாட்களெல்லாம் உங்கள் கணக்கில்தான் கழிகின்றன. இதற்கு மாற்று வழி உண்டு. ஆவணத்தை நேரில் பார்வையிட வேண்டும் என்று கேளுங்கள். முதல் ஒரு மணி நேரத்துக்குக் கட்டணம் இல்லை. பார்த்துவிட்டு, தேவையான நாலைந்து பக்கங்களுக்கு மட்டும் நகல் கேட்டால் பத்து ரூபாயில் முடியும்.

எடுத்துக்காட்டாகப் பயிர்க் காப்பீட்டைச் சொல்கிறேன். சம்பா நெல்லுக்குப் பிரிமியம் கட்டினோம், மழையில் பயிர் சாய்ந்தது, பக்கத்து ஊருக்கு இழப்பீடு வந்தது, நமக்கு வரவில்லை. டீக்கடையில் ஒவ்வொருவரும் ஒரு காரணம் சொல்வார்கள். உண்மைக் காரணம் ஒரு தாளில் இருக்கிறது. அறிவிக்கை செய்த கிராமத்தில் அல்லது பிர்க்காவில் பயிர் அறுவடைச் சோதனை நடத்தி, கிடைத்த சராசரி விளைச்சலை உத்தரவாத விளைச்சலோடு ஒப்பிட்டே இழப்பீடு கணக்கிடுகிறார்கள். ஆகவே, "எங்கள் கிராமத்துக்கு இன்ன ஆண்டு, இன்ன பருவத்தில் எத்தனை அறுவடைச் சோதனைகள், எந்தச் சர்வே எண்களில், எந்தத் தேதிகளில் நடந்தன? ஒவ்வொன்றிலும் விளைச்சல் எவ்வளவு? உத்தரவாத விளைச்சல் எவ்வளவு?" என்று மட்டும் கேளுங்கள். பதில் இரண்டு, மூன்று பக்கத்துக்கு மேல் போகாது. வேளாண்மைத் துறைக்கு எழுத வேண்டுமா, புள்ளியியல் துறைக்கா என்ற குழப்பம் வேண்டாம். தவறான அலுவலகத்துக்குப் போனாலும், உரிய அலுவலகத்துக்கு 5 நாளுக்குள் மாற்றி அனுப்ப வேண்டியது அவர்கள் கடமை. அதற்காக இரண்டாம் முறை 10 ரூபாய் கட்டத் தேவையில்லை.

சில நேரங்களில் ஒரு காசும் கட்ட வேண்டாம். வறுமைக்கோட்டுக்குக் கீழ் உள்ளவராகச் சான்று இணைத்தால் விண்ணப்பக் கட்டணமும் நகல் கட்டணமும் இல்லை. அலுவலர் 30 நாள் கெடுவைத் தவறவிட்டால், அதன்பின் எத்தனை பக்கமானாலும் இலவசமாகவே தர வேண்டும். காலங்கடந்து "பணம் கட்டுங்கள்" என்று கடிதம் வந்தால், 7-ஆம் பிரிவின் 6-ஆம் உட்பிரிவைச் சுட்டிப் பதில் எழுதுங்கள். இந்த உட்பிரிவு பலருக்குத் தெரிவதில்லை. தெரியாமல் பணம் கட்டிவிடுகிறார்கள்.

கேட்காமலே வெளியிட வேண்டிய தகவல்களும் உண்டு. மானியத் திட்டம் எப்படி நடக்கிறது, எவ்வளவு தொகை ஒதுக்கப்பட்டது, பயனாளிகள் யார் என்பதை அலுவலகமே வெளியிட வேண்டும் என்று 4-ஆம் பிரிவு கூறுகிறது. இதன் அருமை நம் மாவட்டத்துக்கு நன்றாகத் தெரியும். 2020-ல் பிரதமரின் உழவர் உதவித்தொகைத் திட்டத்தில் தகுதியில்லாதவர்கள் பெருமளவில் சேர்க்கப்பட்டது வெளிப்பட்டது. விழுப்புரம், கள்ளக்குறிச்சி, கடலூர் மாவட்டங்களில் அது மிகுதி. மாநிலம் முழுவதும் சுமார் 110 கோடி ரூபாய் முறைகேடாகப் போனதாக அரசே அறிவித்தது. ஊர்ப் பட்டியல் ஊராட்சிச் சுவரில் ஒட்டப்பட்டிருந்தால், நிலமில்லாதவர் பெயர் அதில் இருப்பதை ஊரார் ஒரே நாளில் கண்டுபிடித்திருப்பார்கள். 2023-ஆம் ஆண்டின் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம், தகவல் சட்டத்தின் 8-ஆம் பிரிவில் தனிநபர் தகவலுக்கான விலக்கை அகலமாக்கியிருக்கிறது. இதைக் காட்டிப் பெயர்ப் பட்டியலை மறுக்கக்கூடும். ஆனால் 4-ஆம் பிரிவை அது தொடவில்லை என்பதை நினைவில் வையுங்கள்.

கட்டணமே வேண்டாம் என்பாரும் உண்டு. இலங்கையில் 2016-ஆம் ஆண்டுச் சட்டப்படி விண்ணப்பத்துக்குக் கட்டணம் இல்லை. அயர்லாந்தில் 2003-ல் 15 யூரோ வைத்தார்கள்; மனுக்கள் வெகுவாகக் குறைந்தன; 2014-ல் அக்கட்டணத்தை நீக்கினார்கள். நம் நாட்டில் அலகாபாத் உயர்நீதிமன்றம் விண்ணப்பத்துக்கு 500 ரூபாய் வைத்திருந்தது. 2018-ல் உச்சநீதிமன்றம், விண்ணப்பத்துக்கு 50 ரூபாய்க்கும் பக்கத்துக்கு 5 ரூபாய்க்கும் மேல் பொதுவாகப் போகலாகாது என்று வரம்பு கட்டியது. ராஜஸ்தானத்துக் கிராமத்துக் கூலிக்காரர்கள் 1990-களில் போராடியதும் நகலுக்காகத்தான். கணக்கைப் பார்க்கலாம், நகல் தரமாட்டோம் என்றபோது அவர்கள் ஒத்துக்கொள்ளவில்லை. 1996-ல் பியாவர் நகரில் 40 நாள் தெருவில் அமர்ந்தார்கள். நகல் கையில் இல்லாமல் யாரிடம் போய் முறையிடுவது?

என்னைக் கேட்டால், பத்து ரூபாய் பெரிய தடையன்று. வட்டாட்சியர் அலுவலகத்துக்கு இரண்டு முறை வந்து போகும் பஸ் செலவும் இழக்கும் கூலியுமே உண்மையான கட்டணம். ஆகையால் நேரில் அலையாமல் விரைவுத் தபாலில் அனுப்பி, ரசீதைப் பத்திரப்படுத்துங்கள். வில்லங்கச் சான்று போன்றவற்றுக்குத் தனி வழியும் தனிக் கட்டணமும் இருப்பதால் அவற்றை இம்மனுவில் கேட்க வேண்டாம்.

30 நாளில் பதில் இல்லையென்றால், அடுத்த 30 நாளுக்குள் அதே துறையின் மேல் அலுவலருக்கு முதல் மேல்முறையீடு. அதிலும் குறை தீராவிட்டால் 90 நாளுக்குள் சென்னையிலுள்ள மாநிலத் தகவல் ஆணையத்துக்கு எழுதலாம். காரணமின்றித் தாமதித்த அலுவலருக்கு நாளொன்றுக்கு 250 ரூபாய் வீதம் 25,000 ரூபாய் வரை ஆணையம் தண்டம் விதிக்கலாம். தமிழ்நாட்டில் இவ்விரண்டு முறையீட்டுக்கும் வில்லை ஒட்ட வேண்டியதில்லை; முதல் மனுவின் நகலையும் தபால் ரசீதின் நகலையும் இணைத்தால் போதும்.