சூரிய ஒளியும் ஒரு ரசாயனப் பேராசிரியையும்

(சங்கக் கூட்டத்தில் மூத்த உறுப்பினர் ஒருவர் ஆற்றிய உரையின் சுருக்கம்)



நம்மில் பலர் மொட்டை மாடியில் சோலார் பேனல் போட்டிருக்கிறோம். அது சிலிக்கானால் ஆனது. சிலிக்கானை 1,414 டிகிரியில் உருக்கி, படிகமாக்கி, வில்லைகளாக அறுக்க வேண்டும். இதற்கு மாற்றாக, கார்பன் சேர்மங்களை மை போலக் கரைத்து, பிளாஸ்டிக் தாளில் அச்சடித்து மின்சாரம் எடுக்க முடியுமா? இதுதான் ஆர்கானிக் சோலார் ஆராய்ச்சி. 1986-ல் கோடாக் கம்பெனியின் சிங் டாங் வெளியிட்ட செல்லின் திறன் சுமார் 1 சதவீதமே. இன்று ஆய்வுக்கூடங்களில் 19 சதவீதத்தைத் தாண்டியிருக்கிறார்கள்.

இத்துறையில் உழைத்து வருபவர்களில் ஒருவர் டாக்டர் மலிகா ஜெஃப்ரீஸ்-எல். நியூயார்க்கின் புரூக்ளினில் வளர்ந்த கறுப்பினப் பெண்மணி. வெல்லஸ்லி கல்லூரியில் பி.ஏ., ஜார்ஜ் வாஷிங்டன் பல்கலைக்கழகத்தில் 2002-ல் பிஎச்.டி. பிறகு கார்னகி மெலனில், மின்கடத்தும் பாலிமர்களில் பெயர் பெற்ற ரிச்சர்ட் மெக்கல்லோவிடம் பயிற்சி. 2005-ல் அயோவா மாநிலப் பல்கலைக்கழகத்தில் வேலை. 2016 முதல் பாஸ்டன் பல்கலைக்கழகத்தில்.

அவர் எடுத்துக்கொண்டது பென்சோபிஸ்அசோல் என்ற மூலக்கூறு குடும்பம். தீயணைப்பு வீரர்களின் உடையில் பயன்படும் சைலான் இழையும் இக்குடும்பமே. அவ்வளவு வெப்பத்தைத் தாங்கும். அதன் பக்கங்களில் எந்தத் தொகுதியைச் சேர்த்தால் எந்த நிற ஒளியை உறிஞ்சும், எலக்ட்ரானை எப்படிக் கடத்தும் என்று ஒவ்வொன்றாகச் செய்து பார்ப்பதே அவர் பணி.

ஒன்றை மறைக்கக் கூடாது. சிலிக்கான் பேனலுக்கு 25 வருட உத்தரவாதம் தருகிறார்கள். ஆர்கானிக் செல்களைக் காற்றின் ஆக்சிஜனும் ஈரமும் புற ஊதாக் கதிரும் சீக்கிரம் கெடுக்கின்றன. ஆகவே அவை இன்னும் நம் கூரைகளுக்கு வந்து சேரவில்லை.

அப்படியானால் இத்தனை வருட உழைப்பு வீணா? இல்லை. எந்த மூலக்கூறு உதவும், எது உதவாது என்று தெரிந்துகொள்வதும் அறிவுதான். இதே ரகப் பொருட்கள்தான் இன்று செல்போன் திரைகளில் ஓஎல்இடி-யாக ஒளிர்கின்றன.

இதை ஏன் இங்கே சொல்கிறேன்? பிஎச்.டி. முடித்த பிறகும் அவருக்கு நிலையான இடம் கிடைக்க மூன்று வருடம் ஆயிற்று. 2012-ல்தான் இணைப் பேராசிரியை ஆனார். நம் வீட்டில் ஒரு பெண் எம்.எஸ்ஸி. கெமிஸ்ட்ரி முடித்து, "ஆராய்ச்சி செய்கிறேன்" என்றால், "அதற்குள் வயது என்ன ஆகும்? கம்ப்யூட்டர் கம்பெனியில் சேரேன்" என்கிறோம். பையனிடம் அவ்வளவு கண்டிப்பாகக் கேட்பதில்லை. சம்பளத்தையும் வருடங்களையும் கணக்குப் பார்ப்பது தவறல்ல. ஆனால் கணக்கை அந்தப் பெண்ணுடன் உட்கார்ந்து போடுங்கள். ஃபெலோஷிப் உண்டா, வழிகாட்டி யார், எத்தனை வருடம் என்று விசாரியுங்கள். பிறகு முடிவை அவளிடம் விடுங்கள்.