கோபுரமும் வானலையும்

மலையுச்சியில் கோபுரம் நாட்டிவிட்டால் வானொலி எங்கும் எட்டும் என்று பலர் எண்ணுகின்றனர். இலங்கையின் மிகவுயர்ந்த சிகரமாகிய பிதுருதலாகலை 2,524 மீற்றர் உயரமுடையது. ஒளிபரப்புக் கோபுரமும் அங்கே நிற்கின்றது. ஆயினும் உயரம் ஒன்றே போதாது.

எப்.எம். அலையின் நீளம் ஏறக்குறைய 3 மீற்றர். கோபுரத்தின் இரும்புக் கால்களும், அன்ரனாவைத் தாங்கும் குழாயும் அந்த அளவோடு ஒப்பிடத்தக்கவையாயின், அவையும் அலையை ஏற்றுத் திருப்பி வீசும். நேரே செல்லும் அலையும் திரும்பிய அலையும் ஒரு திசையிற் கூடி வலுக்கும். வேறொரு திசையில் ஒன்றையொன்று மெலிவிக்கும். ஆகவே, கோபுரத்தின் பக்கத்திற் பொருத்திய அன்ரனா எல்லாத் திசைக்கும் ஒரே வலிமையுடன் ஒலிபரப்புவதில்லை.

மெலிந்த திசையில் ஒரு பள்ளத்தாக்கு அமைந்தால், மலையின் மறைப்பும் சேர்ந்துகொள்ளும். அடைமழை இரவில், லயத்து மக்களுக்கு மண்சரிவு எச்சரிக்கை வெறும் இரைச்சலாகவே கேட்கும். வானொலிப் பெட்டி பழுதென்று அவர்கள் எண்ணுவர், பழுதோ பெட்டியிலன்று.

பரிகாரம் உண்டு. பொருத்துமுன் அலை பரவும் கோலத்தைக் கணித்து, தாங்கியின் நீளத்தையும் திசையையும் திருத்துதல் வேண்டும். பின்னர் ஹற்றன், நுவரெலியாப் பள்ளத்தாக்குகளில் நேரிற் சென்று அளத்தல் வேண்டும். கடைசி லயத்திலும் குரல் தெளிவாகக் கேட்கும்போதே கோபுரத்தின் பணி நிறைவெய்தும்.