புழுவும் பெயரும்

குழந்தைகளே, சித்தூரிலும் திருப்பதியிலும் வாழும் தமிழ்ப் பிள்ளைகளுக்கு ஒரு நற்பேறு உண்டு. வீட்டிலே தமிழ் பேசுகிறார்கள். பள்ளியிலும் தெருவிலும் தெலுங்கு பேசுகிறார்கள். ஆகையால் ஒரே பொருளுக்கு இரண்டு பெயர்கள் அவர்களுக்குத் தெரிந்திருக்கும். மழை பெய்து ஓய்ந்தபின் ஈர மண்ணில் நெளிந்து செல்லும் பிராணியை நாம் மண்புழு என்கிறோம். நம் தெலுங்கு நண்பர்களோ அதனை 'வானபாமு' என்பார்கள். வான என்றால் மழை. பாமு என்றால் பாம்பு. மழைப் பாம்பு! ஆனால் அதற்குப் பல் இல்லை, நஞ்சு இல்லை, முதுகெலும்பும் இல்லை. பாம்பு என்று அழைப்பதனால் அது பாம்பாகிவிடுமா?

தெலுங்கை மட்டும் குறை கூறுவது நியாயம் ஆகாது. குடலில் வாழும் ஒரு புழுவை நாம் தமிழில் நாக்குப்பூச்சி என்கிறோம். அது பூச்சியே அன்று. பட்டுப்புழு என்கிறோம், அதுவோ உண்மையில் புழு அன்று. ஆகவே பெயரைக் கேட்டு முடிவு செய்யாமல், ஒவ்வொன்றையும் குறித்து மூன்று கேள்விகள் கேட்டுப் பார்ப்போம். அதற்குக் கால் உண்டா? அது எங்கே வாழ்கிறது? அதன் ஆகாரம் எது?

முதலில் பட்டுப்புழுவைக் காண்போம். சித்தூருக்கு மேற்கே பலமனேர், குப்பம் ஆகிய பகுதிகளில் முசுக்கொட்டைச் செடியைப் பயிரிட்டு, அதன் இலையை இட்டுப் பட்டுப்புழு வளர்க்கிறார்கள். அதன் மார்பின் கீழே மூன்று ஜோடிக் கால்கள் இருக்கின்றன. அவற்றுக்குப் பின்னே, இலையைப் பற்றிக்கொள்ள ஐந்து ஜோடிப் போலிக் கால்களும் உண்டு. உண்மைப் புழுக்களுக்கு இத்தகைய கால்கள் கிடையா. எனவே இது ஓர் அந்துப்பூச்சியின் பிள்ளைப் பருவமே ஆகும். ஏறத்தாழ 25 நாட்கள் இலை தின்று, நான்கு முறை தோலுரித்து வளர்ந்து, பின்பு தன் வாயிலிருந்து வரும் நூலால் கூடு கட்டிக்கொள்கிறது. நல்ல கூடு ஒன்றில் ஒரு கிலோமீட்டருக்கு மேலும் நூல் கிடைக்கும்.

அடுத்து மண்புழு. இதற்குக் கால் இல்லை, கண் இல்லை, காது இல்லை, நுரையீரலும் இல்லை. ஈரமான தோலினாலேயே மூச்சு விடுகிறது. தோல் உலர்ந்தால் உயிர் போய்விடும். அதன் உடல் நூற்றுக்கு மேற்பட்ட வளையங்களால் ஆனது. வளையங்களில் உள்ள நுண்ணிய முட்களை மண்ணில் ஊன்றி, உடலை நீட்டியும் சுருக்கியும் நகர்கிறது. மண்ணையும் மக்கிய இலையையும் விழுங்கி, வேண்டிய சத்தை எடுத்துக்கொண்டு, மிகுதியைச் சிறு சிறு உருண்டைகளாக வெளியே தள்ளுகிறது. அந்த உருண்டைகள் பயிருக்கு உரமாகின்றன. அது துளைத்த வழிகளில் காற்றும் நீரும் வேருக்குச் செல்கின்றன.

இங்கிலாந்து நாட்டுப் பேரறிஞர் டார்வின் 1881-இல் மண்புழுவைப் பற்றியே ஒரு நூல் எழுதி வெளியிட்டார். புழுக்களின் அருகே ஊதுகுழலை ஊதச் செய்தார். பியானோவை இசைக்கச் செய்தார். அவை அசையவில்லை. புழு இருந்த தொட்டியைப் பியானோவின் மீதே வைத்து வாசித்தபோது, அதிர்வை உணர்ந்து உடனே வளைக்குள் மறைந்தன! பத்தாண்டுகள் கழித்து, 1891-இல் வெளிவந்த 'மனோன்மணீயம்' என்னும் நாடகத்தில் பேராசிரியர் சுந்தரம் பிள்ளை, நாங்கூழ் என்ற பழந்தமிழ்ப் பெயராலேயே மண்புழுவை விளித்து, அதன் உழைப்பைப் பாராட்டியுள்ளார்.

நம் திருப்பதிக்கும் இதில் பங்கு உண்டு. 1954-இல் நிறுவப்பெற்ற ஸ்ரீ வேங்கடேசுவரப் பல்கலைக்கழகத்தில், கே. பம்பாபதி ராவ் முதலிய விலங்கியல் அறிஞர்கள் 1960-களில் மண்புழுக்களைக் குளிர்ச்சியான இடத்தில் வைத்து ஆராய்ந்தனர். வெப்ப நாட்டுப் புழுவின் உடல் குளிருக்கு ஏற்பத் தன்னை எவ்வாறு மாற்றிக்கொள்கிறது என்பதே அவர்கள் ஆராய்ந்த பொருள். காலின் கீழ் நெளியும் எளிய பிராணியிடமும் அறிஞர்கள் கற்பதற்கு எவ்வளவோ இருக்கிறது.

இனி மூன்றாவது வகைக்கு வருவோம். இவை நம் உடலையே வீடாகக் கொண்டவை. நாக்குப்பூச்சி என்னும் உருளைப்புழுவுக்குத் தெலுங்கில் 'ஏலிகபாமு' என்று பெயர். இங்கும் பாம்புதான்! இது ஒரு சாணுக்கு மேலும் வளரும். பெண் புழு ஒரே நாளில் சுமார் இரண்டு லட்சம் முட்டைகள் இடும். மலத்தோடு மண்ணில் சேர்ந்த முட்டைகள், கழுவாத கையின் வழியாகவும் கழுவாத காய்கறியின் வழியாகவும் நம் வாய்க்குள் புகுகின்றன. நாடாப்புழுவுக்கோ வாயும் இல்லை, வயிறும் இல்லை. குடலில் நாம் செரித்து வைத்த உணவைத் தன் தோலாலேயே உறிஞ்சிக்கொள்கிறது.

கொக்கிப்புழு ஒரு சென்டிமீட்டர் நீளமே உள்ளது. ஆனால் இரத்தத்தைக் குடிப்பது. இதன் குஞ்சுகள் அசுத்தமான ஈர மண்ணில் காத்திருந்து, வெறுங்காலின் தோலைத் துளைத்து உள்ளே நுழையும். திருமலைக்குக் கற்படிகளில் வெறுங்காலுடன் ஏறுகிறோமே என்று நீங்கள் கேட்கலாம். வெயிலில் காயும் கல்லில் அவை பிழைப்பதில்லை. திறந்த வெளியில் மலங்கழிக்கும் இடத்து ஈர மண்ணே அவற்றின் இருப்பிடம். அங்கே செருப்பின்றி நடத்தல் கூடாது. இப்புழு மிகுந்தால் பிள்ளைகளுக்குச் சோகை பிடிக்கும், முகம் வெளுக்கும், படிப்பில் மனம் செல்லாது. இதற்காகவே 2015-இல் தேசியக் குடற்புழு நீக்க நாள் தொடங்கப்பட்டது. பள்ளியிலும் அங்கன்வாடியிலும் தரும் அல்பெண்டசோல் மாத்திரையை மறுக்காமல் உட்கொள்ளுங்கள்.

இத்தகைய புழுவை வெல்ல முடியுமா? முடியும். நரம்புச் சிலந்தி என்று ஒரு நோய் இருந்தது. பெயர் சிலந்தி, அதை உண்டாக்கியதோ ஒரு முழத்துக்கு மேல் நீண்ட புழு! படிக்கிணற்று நீரில் உள்ள நுண்ணிய நீர்ப்பூச்சியோடு அது உடலுக்குள் புகும். ஓராண்டு கழித்துக் காலில் கொப்புளம் எழுப்பி வெளியே வரும். ஆந்திரம், தமிழ்நாடு, இராஜஸ்தானம் முதலிய மாநிலங்களில் மக்கள் இதனால் வருந்தினர். இதற்குத் தடுப்பூசியும் இல்லை. புழுவைக் கொல்லும் மருந்தும் இல்லை. ஆயினும் குடிநீரைத் துணியால் வடிகட்டியும், நோயாளிகள் கிணற்றில் கால் வைக்காமல் காத்தும், படிக்கிணறுகளுக்கு ஈடாகக் கைப்பம்புகள் அமைத்தும் இந்நோயை ஒழித்தனர். நம் நாட்டில் கடைசி நோயாளி 1996-இல் இராஜஸ்தானத்தில் காணப்பட்டார். 2000-ஆம் ஆண்டில் இந்தியா இந்நோயினின்றும் விடுபட்டது என்று உலக சுகாதார நிறுவனம் சான்றளித்தது. ஒரு துண்டுத் துணி செய்த வேலையைப் பார்த்தீர்களா?

ஆகவே குழந்தைகளே, புழு என்றதும் அருவருத்து நசுக்கவும் வேண்டா. அலட்சியமாக இருந்துவிடவும் வேண்டா. வெயிலில் தவிக்கும் மண்புழுவைக் கண்டால், ஓர் இலையில் ஏந்தி ஈர மண்ணில் விட்டுவிடுங்கள். பின்பு மறவாமல் சோப்பிட்டுக் கைகளைக் கழுவிக்கொண்டு சாப்பிட உட்காருங்கள்.