பெட்டியும் கணக்கும்

(புயல் துயர் துடைப்பு நிதி திரட்டும் தோழர்களின் கூட்டத்தில் ஆற்றிய உரை)



நாளைக் காலை நீங்கள் உண்டியல் ஏந்தி வீதிக்குச் செல்ல இருக்கிறீர்கள். செல்லுமுன் ஒரு நிகழ்ச்சியைக் கேட்டுச் செல்லுங்கள் என்பதற்காகவே இக்கூட்டத்தில் பேச இசைந்தேன். நிகழ்ச்சி நம் நாட்டில் நடந்ததன்று. நமக்குக் கிழக்கே, கடல்கள் பல தாண்டிக் கிடக்கும் பிலிப்பைன்ஸ் தீவுகளில் நடந்தது. அதன் மறுபாதியோ அத்தீவுகளுக்கும் வெளியே, ஹாங்காங் நகரத்து வீதியிலே நடந்தது.

ஏன் அவ்வளவு தொலைவு அழைத்துச் செல்கிறீர் என்று கேட்பீர்கள். காரணம் உண்டு. "துன்பம் துடைக்க வந்த இடத்தில் அரசியல் எதற்கு?" என்று வெளியார் நம்மைக் கேட்கிறார்கள். "அரசியல் இயக்கத்தாருக்கு அரிசி மூட்டை சுமக்கும் வேலை எதற்கு?" என்று நம்மவரிலேயே சிலர் கேட்கிறார்கள். கேள்விகள் இரண்டு, எனினும் இரண்டும் ஒரே தவற்றிலிருந்து பிறந்தவை. அந்தத் தவற்றை என் சொல்லால் அல்ல, பிறர் வீட்டில் பாத்திரம் துலக்கிப் பிழைத்த ஏழைப் பெண்களின் செயலால் உங்களுக்குக் காட்ட விழைகிறேன்.

2013ஆம் ஆண்டு நவம்பர் 8ஆம் நாள், வெள்ளிக்கிழமை. பொழுது புலருமுன் சமார் தீவின் கிழக்குக் கரையிலே, குய்வான் என்னும் ஊரில் ஏறியது புயல். உலகோர் அதற்கு இட்ட பெயர் ஹையான். அந்நாட்டார் இட்ட பெயர் யோலாண்டா. மணிக்கு 235 கிலோமீட்டர் வேகம் என்பது அந்நாட்டு வானிலை நிலையத்தின் கணக்கு. அங்கிருந்து லெய்த்தே தீவுக்குத் தாவிற்று. டாக்ளோபன் நகரத்துக்குள் காற்றுக்குப் பின்னால் கடலே எழுந்து வந்தது. ஐந்து மீட்டருக்கும் மேற்பட்ட உயரத்தில் வந்தது. புகலிடம் என்று மக்களைச் சேர்த்து வைத்திருந்த கட்டடங்களுக்குள்ளும் புகுந்தது. புகலிடத்திலேயே மூழ்கி மாண்டோர் உண்டு.

எச்சரிக்கை இல்லையா? இருந்தது! வானொலியில் சொன்னார்கள், தொலைக்காட்சியில் சொன்னார்கள். "ஸ்டார்ம் சர்ஜ்" வரும் என்று ஆங்கிலத்தில் சொன்னார்கள். அந்தச் சொல்லின் பொருள் கடற்கரைக் குப்பத்து மக்களில் பலருக்கு விளங்கவில்லை. "சுனாமி போல் கடல் வரும் என்று சொல்லியிருந்தால் ஓடியிருப்போமே!" என்று உயிர் தப்பியவர்கள் பின்னர்க் கூறினர். மக்களுக்குப் புரியாத மொழியில் மக்களை எச்சரிக்கும் வழக்கம் எங்கெங்கும் இருக்கிறது போலும்! அதைப் பற்றிப் பிறிதொரு நாள் பேசுவோம்.

அரசு ஒப்புக்கொண்ட சாவு 6,300. காணாமற் போனோர் ஓராயிரத்துக்கும் மேல். வீடிழந்து இடம் பெயர்ந்தோர் ஏறத்தாழ 40 லட்சம். சிதைந்த வீடுகள் 11 லட்சம். சாய்ந்தும் சிதைந்தும் போன தென்னை மரங்கள் 3 கோடியைத் தாண்டின. தென்னை சாய்வதன் பொருள் என்ன என்பதை, 2018இல் கஜா புயலைக் கண்ட தஞ்சை, புதுக்கோட்டைத் தோழர்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. நெல் போனால் ஓராண்டு. தென்னை போனால் ஒரு பிள்ளையை வளர்த்துப் பள்ளிக்கு அனுப்பும் காலம்.

இனி, கடல் கடந்து வாழும் பிலிப்பினோக்களைப் பாருங்கள். புயல் அடித்த ஆண்டில் ஏறத்தாழ ஒரு கோடிப் பேர் தாய்நாட்டுக்கு வெளியே இருந்தனர். வளைகுடா நாடுகளில் செவிலியர், கட்டட வேலையாட்கள், கப்பல்களில் மாலுமிகள், ஹாங்காங்கிலும் சிங்கப்பூரிலும் வீட்டு வேலைப் பெண்கள். இவர்கள் விரும்பி ஊர் சுற்றக் கிளம்பியவர்கள் அல்லர். 1974இல் மார்க்கோஸ் ஆட்சி கொண்டுவந்த தொழிலாளர் சட்டம், ஆட்களை வெளிநாட்டு வேலைக்கு அனுப்புவதையே அரசின் ஏற்பாடாக ஆக்கிற்று. சர்க்கரையும் தேங்காய் எண்ணெயும் ஏற்றுமதி செய்த நாடு, தன் மக்களையும் ஏற்றுமதி செய்யத் தொடங்கிற்று. 2013இல் அவர்கள் வங்கி வழியே வீட்டுக்கு அனுப்பிய பணம் மட்டும் 2,200 கோடி டாலருக்கும் மேல்.

பணத்தோடு பெட்டியும் அனுப்புவார்கள். நாடு திரும்புவோனைப் 'பாலிக்பாயன்' என்பது அவர்கள் மொழி. பெட்டிக்கும் அதே பெயர். ஆள் திரும்ப முடியாதபோது ஆளுக்குப் பதில் பெட்டி திரும்புகிறது! சோப்பு, பால் மாவு, டின் இறைச்சி, பிள்ளைக்குச் சட்டை, தாய்க்குச் செருப்பு—மாதக்கணக்கில் சேர்த்து, ஆள் உயரத்தில் பாதி இருக்கும் அட்டைப் பெட்டியில் அடைத்து, கப்பலில் ஏற்றுகிறார்கள்.

"அப்படியானால் கவலை என்ன? ஒரு கோடிப் பேரும் ஆளுக்கொரு பெட்டி அனுப்பினால் துயர் தீர்ந்ததே!" என்று ஆளவந்தார்கள் எண்ணலாம், எண்ணவும் செய்கிறார்கள். இங்கேதான் தோழர்களே, நான் உங்கள் கவனத்தைக் கோருகிறேன்.

பெட்டி யாருக்குப் போகும்? அனுப்புகிறவளின் தாய்க்குப் போகும், தங்கைக்குப் போகும். அயலூர்க் குடிசைக்குப் போகாது. வெளிநாடு சென்றோரில் பெரும்பகுதியினர் தலைநகர் மணிலாவையும் அது இருக்கும் லூசோன் தீவையும் சேர்ந்தவர்கள். புயல் நொறுக்கிய சமாரும் லெய்த்தேயும் நாட்டின் வறிய பகுதிகள். அங்கிருந்து கடல் கடந்தோர் தொகை சிறிது. வெளிநாடு போவதற்கும் முதல் வேண்டுமே! தரகனுக்குக் கொடுக்கக் காசு வேண்டும், கடன் வாங்க ஈடு வேண்டும். பிறர் தோப்பில் தேங்காய் பறித்து வாழ்ந்தவனிடம் ஏது ஈடு? ஆகவே எங்கே அடி பலமாக விழுந்ததோ, அங்கே அனுப்புவாரும் குறைவு. குடும்பப் பாசம் எவ்வளவு பெரிதாயினும் இந்தப் பள்ளத்தை அதனால் நிரப்ப இயலாது. தன் ஊர், தன் உற்றார் என்னும் வரம்பைத் தாண்டிப் பொதுவில் திரட்டி, பொதுவில் பகிர்ந்தளிக்கும் அமைப்பால்தான் இயலும்.

அந்த அமைப்பு ஹாங்காங்கில் இருந்தது. புயலுக்குப் பின் முளைத்ததன்று, முன்னரே இருந்தது.

ஹாங்காங்கில் அப்போது அயல்நாட்டு வீட்டு வேலைப் பெண்கள் 3 லட்சத்துக்கும் மேல். அவர்களில் ஏறத்தாழப் பாதி பிலிப்பினோக்கள். சட்டம் விதித்த குறைந்த அளவு மாதச் சம்பளம் 4,010 ஹாங்காங் டாலர். முதலாளி வீட்டிலேயே தங்கவேண்டும். வேலை ஒப்பந்தம் முறிந்தால் இரண்டு வாரத்தில் நாட்டை விட்டு வெளியேற வேண்டும். ஏழு நாளில் ஒரு நாள் ஓய்வு. அந்த ஒரு நாள், பெரும்பாலோருக்கு ஞாயிறு. போய் இருக்க வீடு இல்லையாதலால், நகரின் நடுவே, பெரிய வங்கிகளின் நிழலிலே, மூடப்பட்ட வீதிகளிலும் மேம்பாலங்களிலும் அட்டைகளை விரித்து அமர்கிறார்கள். உண்கிறார்கள், பாடுகிறார்கள், ஒருத்தி தலையை மற்றொருத்தி வாருகிறாள். அவ்வழியே செல்லும் கனவான்களுக்கு அது அலங்கோலமாகத் தெரிகிறதாம்! தெரியட்டும். அந்த அட்டை விரிப்பின் மீதுதான் சங்கம் பிறந்தது.

எப்போது பிறந்தது? 1982இல் மார்க்கோஸ் ஓர் ஆணை பிறப்பித்தார். வெளிநாட்டில் உழைப்போர் தம் ஊதியத்தில் 50 முதல் 80 விழுக்காட்டை அரசு காட்டும் வங்கி வழியே கட்டாயம் அனுப்ப வேண்டும். இல்லையேல் கடவுச்சீட்டைப் புதுப்பிக்க மாட்டோம் என்றது அவ்வாணை. தாயும் தங்கையும் கேட்குமுன்பே அனுப்புகிறவர்கள்தாம் அவர்கள். எனினும் அன்பால் அனுப்புவது வேறு, அதட்டலுக்கு அனுப்புவது வேறு அல்லவா? ஹாங்காங்கின் பணிப்பெண்கள் கூடினர், கையெழுத்துத் திரட்டினர், கண்டனம் முழங்கினர். 1985இல் அந்த ஆணையின் தண்டனை விதிகளைச் சர்வாதிகாரி கைவிட நேர்ந்தது! அந்தப் போராட்டத்திலிருந்து எழுந்ததே, அங்குள்ள பல சங்கங்களை ஒன்றிணைத்த 'ஐக்கிய பிலிப்பினோக்கள்' என்னும் கூட்டமைப்பு.

இப்போது 2013க்கு வாருங்கள். புயல் அடித்தது வெள்ளிக்கிழமை. மின்சாரம் இல்லை, தொலைபேசிக் கோபுரங்கள் வீழ்ந்தன. தாய் இருக்கிறாளா, மகன் இருக்கிறானா என்று அறிய வழியில்லை. மறுநாள் சனிக்கிழமை; முதலாளி வீட்டில் குழந்தைக்குச் சோறு ஊட்ட வேண்டும், தரை துடைக்க வேண்டும். முகத்தைக் கழுவிக்கொண்டு வேலை செய்கிறாள். லெய்த்தேக்காரிக்கு அந்த இரண்டு நாள் எப்படிக் கழிந்திருக்கும் என்பதை எண்ணிப் பாருங்கள். ஓடிப்போய்ப் பார்க்கலாமென்றால், முதலாளி விடுப்புத் தர வேண்டும். தராமல் கிளம்பினால் வேலை போகும். ஞாயிறு வந்தது. ஊர்ப் பெயர் சொல்லி ஊர்ப் பெயர் சொல்லித் தேடினார்கள். கிடைத்த செய்தியைக் கிடைக்காதவரோடு பகிர்ந்தார்கள். அடுத்து வந்த ஞாயிறுகளில் பெட்டிகள் அடுக்கப்பட்டன, உண்டியல்கள் சுற்றின. யாரைக் கூப்பிடுவது, யார் பொறுப்பாளர், யார் பணம் வாங்குவது, ஊரில் யாரிடம் ஒப்படைப்பது—இவையெல்லாம் முன்னரே தெரிந்திருந்த கூட்டம் அது.

சவூதி அரேபியாவில் நிலைமை வேறு. சங்கம் வைக்க அங்கே சட்டம் இடம் தரவில்லை. உரிய சீட்டில்லாத அயல்நாட்டுத் தொழிலாளருக்கு அளித்த கெடு அவ்வாண்டு நவம்பர் 3ஆம் நாளோடு முடிந்து, பிடித்து அனுப்பும் படலம் தொடங்கியிருந்தது. ஐந்தாம் நாள் புயல்! ஒளிந்து வாழ்கிறவன் எந்த வீதியில் உண்டியல் ஏந்துவான்? அங்கே ஊர்க்காரர் குழுக்களும் கூடைப்பந்துக் குழுக்களும் சங்கம் செய்ய வேண்டிய வேலையைத் தம்மால் இயன்ற அளவு சுமக்க வேண்டியிருந்தது.

குறையும் சொல்லிவிடுகிறேன். பெட்டி என்பது பாசத்துக்கு ஏற்ற வாகனமே தவிர, பேரிடருக்கு ஏற்றதன்று. அமெரிக்காவிலிருந்து கப்பலில் வர ஒன்றரை, இரண்டு மாதம். குடிக்க நீரில்லாதவனுக்கு இரண்டு மாதம் கழித்து வரும் டின் இறைச்சி எதற்கு? பழந்துணி மூட்டைகள் வந்து குவிந்தால் பிரித்தடுக்கவே ஆள் பற்றாது. பணமாக அனுப்பிப் பக்கத்துத் தீவில் அரிசி வாங்குவதே மேல். நாளை நீங்கள் செல்லும் வீடுகளிலும் கிழிந்த சேலையை எடுத்து நீட்டுவார்கள். வணங்கி மறுத்துவிட்டு, பணமோ அரிசியோ கேளுங்கள்.

பணத்தை அரசிடமே கொடுத்திருக்கலாமே என்பீர்கள். கேளுங்கள் அந்தக் கதையை! அதே 2013இல், சட்டமன்றத்தார் தம் தொகுதிச் செலவுக்கென்று பெற்ற நிதியில், இல்லாத தொண்டு நிறுவனங்களின் பேரால் ஏறத்தாழ 1,000 கோடி பெசோ சுருட்டப்பட்டது என்ற குற்றச்சாட்டு வெடித்திருந்தது. ஆகஸ்டில் மணிலாவில் மக்கள் திரண்டு கண்டித்தனர். செப்டம்பர் 19ஆம் நாள் ஒரு நாள் வீட்டுக்குப் பணம் அனுப்புவதில்லை என்று புலம்பெயர்ந்த தொழிலாளர் அமைப்பான மிக்ராந்தே அறைகூவல் விடுத்தது. புயலுக்குப் பதினோரு நாள் கழித்து, நவம்பர் 19இல், அந்த நிதி முறையே அரசியல் சட்டத்துக்கு முரண் என்று உச்சநீதிமன்றம் தீர்ப்பளித்தது. இந்நிலையில் பணிப்பெண் தன் உண்டியலை எவரிடம் ஒப்படைப்பாள்? அவள் தயங்கியது சரி என்பதைப் பின்னர் அரசின் தணிக்கையாளரே மெய்ப்பித்தனர். நிவாரண உணவுப் பொதிகளில் 7,500க்கும் மேற்பட்டவை மக்களைச் சேராமலே கெட்டுப்போயின என்று எழுதி வைத்தார்கள்.

ஆளவந்தார்களோ அப்பெண்களை "வீராங்கனைகள்" என்கிறார்கள். 1988இல் ஹாங்காங் வந்த குடியரசுத் தலைவர் கொரசோன் அக்கினோ பணிப்பெண்களைப் "புதிய வீரர்கள்" என்று புகழ்ந்தார், பட்டம் நிலைத்துவிட்டது. பட்டம் கொடுப்பதில் அரசுக்குச் செலவில்லை. வீட்டைக் கட்டிக் கொடுப்பதில்தான் செலவு! புயலுக்குப்பின் 2 லட்சத்துக்கும் மேற்பட்ட வீடுகள் கட்டித் தருவதாகச் சொன்னார்கள். 2017இலும் அவற்றில் பெரும்பகுதி மக்கள் குடிபுகுந்ததாக இல்லை. கடலிலிருந்து 40 மீட்டருக்குள் வீடு கூடாது என்றார்கள். மீன் பிடிப்பவனை மலைச்சரிவுக்குப் போ என்றால், அவன் படகு எங்கே போகும் என்று கேட்பாரில்லை.

கேட்டவர்கள் யார்? உயிர் தப்பியவர்களே கேட்டார்கள். 2014 ஜனவரியில் டாக்ளோபனில் ஆயிரக்கணக்கில் திரண்டு 'பீப்பிள் சர்ஜ்' என்று தம் அமைப்புக்குப் பெயரிட்டனர். கடல் பொங்கி வந்ததற்குச் சொன்ன அதே சொல், இப்போது மக்கள் பொங்கி வந்ததற்கு! குடும்பத்துக்கு 40,000 பெசோ உடனடி உதவி வேண்டும் என்றனர். பிப்ரவரியில் மணிலாவுக்கே சென்று மனுவை நீட்டினர். கடல் கடந்த சங்கங்கள் அவர்களுக்கு ஆதரவுக் குரல் கொடுத்தன. பெட்டி அனுப்பிய கைதான் கோரிக்கைப் பலகையையும் ஏந்திற்று.

"இது நன்றியில்லாத செயல், துயர் வேளையில் அரசியல்" என்று அங்கும் சொன்னார்கள். நான் கேட்கிறேன்: சம்பளத்தில் பாதியைக் கட்டாயம் அனுப்பு என்ற ஆணையை எதிர்த்து அன்று சங்கம் கட்டாதிருந்தால், 2013இல் உண்டியல் சுற்ற ஆள் ஏது? அரிசி மூட்டை சுமப்பது நம் வேலையன்று என்று சொல்லும் தோழரையும் கேட்கிறேன்: மூட்டையோடு அந்தக் குப்பத்துக்குள் போகாதவர், 40 மீட்டர் விதியால் மீனவனுக்கு என்ன நேர்ந்தது என்பதை எங்கே தெரிந்துகொள்வார்? ஏட்டில் படித்தா?

நேரமாகிறது. நாளைக்கு வட்டவாரியாகச் செல்ல வேண்டிய தெருக்களின் பட்டியல் வாயிலில் ஒட்டப்பட்டிருக்கிறது. உண்டியலுக்கு இருவர், திறப்பது இங்கே, மேசை மீது, எல்லோரும் பார்க்க. இப்போது நிதிக்குழுத் தோழர், சென்ற முறை நாம் திரட்டிய தொகையின் வரவு செலவைப் படிப்பார். சுருக்கிப் படிக்க வேண்டாம் என்று அவரைக் கேட்டுக்கொண்டிருக்கிறேன். லாரி வாடகை சற்று மிகுதி என்று எனக்கே படுகிறது. கேள்வியை நானே முதலில் கேட்கிறேன்.